நான்கு மணி வரை ஓர் எழுத்து

டிசம்பர் 9, திங்கள்

பேச்சுப் பயிற்சி தரும் ரெஜினா தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், என்ன சொல்ல முயன்றார், ரத்த அழுத்தம் எவ்வளவு. "வெறும் நம்பர் மட்டும் வேண்டாம்மா, உங்களுக்குத் தோணுறதையும் எழுதுங்க" என்றார். தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவளுக்கு இது பெரிய வேலையில்லை.

ஆகவே விவரம். நோயாளி பெயர் நெல்லையப்பன், வயது ஐம்பத்தேழு. தூத்துக்குடி மாநகராட்சியில் வரைபடப் பிரிவில் வேலை. நவம்பர் 19 காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம். வலது கையைத் தூக்க முடியவில்லை. வலது காலை இழுத்து நடக்கிறார். நாம் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. அவருடைய பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "நாளைக்கு."

நான் அவர் மனைவி சண்முகவடிவு. பன்னிரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்ச் 3 திங்கட்கிழமை கவுண்ட்டரில் உட்கார வேண்டும். அதற்குள் அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கேட்டு வாங்கும் அளவுக்காவது வந்துவிட வேண்டும்.

மகள் கோமு இரண்டு வாரம் கூட இருந்துவிட்டு நேற்று ஓசூருக்குத் திரும்பினாள்.

காலை இட்லி மூன்று. மதியம் ரசம் சாதம், புடலங்காய். அழுத்தம் 150/90.

டிசம்பர் 11, புதன்

பசிக்கும் நாளைக்கு, போர்வைக்கும் நாளைக்கு. இன்று காலை கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை, முகமெல்லாம் அவசரமாக, "நாளைக்கு, நாளைக்கு" என்றார்.

"நாளைக்குன்னா சரி, இப்ப எதுக்கு எந்திரிக்கீய" என்றேன். வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் பயந்தேன். ஆனால் அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான்.

டிசம்பர் 14, சனி

மதியம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து தானாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருக்கும் சின்ன அறைவரை போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்விட்சைக் காட்டி "நாளைக்கு" என்றார். மூன்று தடவை. கடைசி தடவை கெஞ்சல்.

கோமுவுக்குப் போன் செய்து பாஸ்வேர்டு கேட்டேன். "யம்மா, அப்பாவோட குரூப்ல ஆளுங்க தேடிக்கிட்டு இருப்பாங்க. ஒரு பதில் போட்டுரு" என்றாள்.

அவருடைய பொழுதுபோக்கைப் பற்றி ரெஜினாவுக்காக எழுதுகிறேன். பழைய காலத்து ஐரோப்பிய அச்சு எழுத்துகள் உண்டு. பட்டப்படிப்புச் சான்றிதழ்களின் தலைப்பில் இன்றும் அப்படி அச்சடிக்கிறார்கள். கறுப்பாக, மூலைக்கு மூலை முறிந்து, முள் முள்ளாக நிற்கும். பிளாக்லெட்டர் என்பார். நான் முள்ளெழுத்து என்பேன். நூறு, இருநூறு வருடத்துக்கு முந்தைய தாள்களைப் பார்த்து அந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி இலவசமாகக் கொடுக்கிற ஒரு குழு இணையத்தில் இருக்கிறது. நாற்பது பேர் இருப்பார்கள். இவர் அதில் பதினான்கு வருடமாக உறுப்பினர். பெயர் "கொற்கை". அலுவலகம் விட்டு வந்தால் காப்பியோடு அந்த அறைக்குள் போவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரை திறந்தது. ஆறு செய்திகள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: கொற்கை, எங்கே இருக்கிறாய்?

டிசம்பர் 15, ஞாயிறு

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி, தங்கள் செய்திகளைப் பார்வையிட்டேன். மேற்படி உறுப்பினர் உடல்நலக் குறைவால் பணியாற்ற இயலாத நிலையில் உள்ளார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்ற ரீதியில் எழுதி, கீழே என் பெயரையும் பதவியையும் போட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொரு பதில்கள். கெர்டா என்ற ஜெர்மன்காரி, ஏதோ சிறு ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவராம், "அவர் கேட்கும்படி இதை உரக்கப் படியுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிரேசிலிலிருந்து ஒஸ்வால்டோ என்ற பல் மருத்துவர் பக்கவாதத்துக்குப் பின் என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தார். பல் டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

எல்லாவற்றையும் படித்துத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கெர்டாவின் பெயர் வந்த போதெல்லாம் தலையை ஆட்டினார்.

அழுத்தம் 140/90.

டிசம்பர் 18, புதன்

ரெஜினா வந்தார். மாடு, குடை, டம்ளர், பஸ் என்று படச்சீட்டுகளை விரித்து, "குடையைக் காட்டுங்க சார்" என்றார். காட்டினார். சொற்கள் எழுதிய சீட்டுகளை விரித்ததும் எதுவும் புரியவில்லை. "தண்ணீர்" என்ற சீட்டைத் தேடச் சொன்னால் "வண்டி"யை எடுத்தார். முழுக்கப் படித்துவிட்டுத்தான் காலையில் பேப்பரைக் கீழே வைக்கிற மனிதர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவு சாப்பாட்டுத் தட்டை இடது கையால் தள்ளிவிட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

வேலை என்னவென்று இன்றுதான் எனக்கு விளங்கியது.

கெர்டாவின் வீட்டுப் பரணில் பழைய அச்சகத் தாள் ஒன்று கிடைத்ததாம். ஒரு குறிப்பிட்ட அச்செழுத்தின் மாதிரி. பாதி கிழிந்து பதினோரு எழுத்துகள் இல்லை. வேறெந்தத் தாளிலும் அந்த அச்செழுத்து வகை இல்லை. இருக்கிற எழுத்துகளின் நடையை வைத்து இல்லாதவற்றை ஊகித்து வரைய வேண்டும். அந்தப் பதினொன்றில் பத்தை இவர் முடித்திருக்கிறார். சின்ன 'கே' (k) மட்டும் பாக்கி. நவம்பர் 18 அன்று கடைசியாகத் திறந்திருக்கிறார்.

முள்ளெழுத்தில் கே என்றால் நாம் அறிந்த கே இல்லை. நெட்டுக்குத்தான ஒரு கம்பம், அதன் தோளில் ஒரு கொக்கி, இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு, கீழே ஒரு சின்னக் கால். திரையில் அது வெறும் கம்பமாக நின்றது. கோட்டின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும்.

மவுஸை இடது கையால் பிடித்துப் பார்த்தார். புள்ளி எங்கோ ஓடியது. பிறகு என் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தார். தன் இடது விரலைத் திரையில் வைத்தார். அந்த இடத்துக்குப் புள்ளியை இழுத்தேன்.

"நாளைக்கு" என்றார், கோபமாக.

"இதுல நாளைக்குன்னா தப்புன்னு அர்த்தமா?"

தலையை ஆட்டினார். மறுபடி இழுத்தேன். மறுபடி நாளைக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரு கொக்கி. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டார்.

டிசம்பர் 27, வெள்ளி

அந்தக் குழுவில் கொற்கை எழுதியவை மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு என்று காட்டுகிறது. சில பதிவுகள் ஒரு பக்கத்துக்கு மேல். எழுத்துகளைப் பற்றி மட்டுமல்ல. எங்கள் ஊர் உப்பளம் எப்படி மின்னும், அலுவலகத்தில் பழைய வரைபடங்களை எலி கடித்தது, கோமு முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சட்டை, நான் வைக்கும் தேங்காய்ப்பால் சொதியில் இஞ்சி எப்போது சேரும்.

இந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம்.

நான் தேடிப் படிக்கவில்லை. பதில் எழுதத்தான் திறந்தேன். அவர் மதியம் தூங்கும்போது வேறு வேலையும் இல்லை.

உலகமே ஆடினாலும் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கக் கூடியவர் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்த நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

அழுத்தம் 140/86. எனக்கும் பார்த்தேன், 150/95.

ஜனவரி 1, புதன்

மழை. கொக்கி பரவாயில்லை என்றார். அதாவது, நாளைக்கு என்று சொல்லவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

அவருடைய தங்கை தங்கம் மக்ரூன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். நல்லவள்தான். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, அண்ணன் எப்பவும் பேசாத ஆளுதானே. உங்களுக்கு என்ன பெரிய வித்தியாசம் தெரியப் போவுது. மனச விட்டுராதீங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு அவர் கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"அங்க இருக்கவங்ககிட்ட உப்பளத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதுதீய. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கீயளா? நானும் இந்த ஊர்லதானே இருக்கேன். அந்த பஸ் ஓட்டுத பொம்பளைக்கு எங்க வீட்டுச் சொதி தெரியுது. நல்லாயிருக்குன்னு எங்கிட்ட ஒரு நாள் சொன்னதுண்டா?"

தலையைக் குனிந்துகொண்டார். பேச முடியாத ஒருவரிடம் ஏன் பேசவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். இதை ரெஜினாவுக்குக் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட வேண்டும்.

மாலை காப்பி கொடுத்தபோது டம்ளரோடு சேர்த்து என் விரலையும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் விரலை உருவிக்கொள்ளவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோமு மூன்று நாள் வந்திருக்கிறாள். ரெஜினா சொன்னபடி ஒன்று, இரண்டு என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். ஐந்துக்கு அப்புறம் அவரும் கூடவே சொன்னார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. தெளிவாக. எண்ணிக்கை, பாட்டு, சாமி பெயர் இதெல்லாம் பேச்சு இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்குமாம். தனியாக "ஏழு" சொல்லுங்கள் என்றால் வராது.

கோமு அடுப்படிக்கு வந்து அழுதாள். நான் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தேன், அழ நேரமில்லை.

ஜனவரி 20, திங்கள்

ரெஜினா இன்று கம்ப்யூட்டர் அறைக்கு வந்து பார்த்தார். கேயின் காலை நான் ஒரு மயிரிழை நீட்டினேன். நாளைக்கு. ஒரு மயிரிழை குறைத்தேன். பேசாமல் இருந்தார்.

"இவருக்கு எழுத்தைப் படிக்க வரல. ஆனா எழுத்துல ஒரு இம்மி கோணினாக்கூடத் தெரியுது" என்று ரெஜினா ஆச்சரியப்பட்டார். "இதையே பயிற்சியா வச்சுக்குங்கம்மா. சீட்டை எல்லாம் தூக்கிப் போடுங்க."

எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இந்த எழுத்துகளில் எஃப்பும், அந்தக் காலத்தில் சொல்லின் நடுவே போட்ட நீள எஸ்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஃப்பின் குறுக்குக்கோடு இரண்டு பக்கமும் நீளும், எஸ்ஸுக்கு இடது பக்கம் மட்டும். இன்று பேப்பரில் ஒரு பாத்திரக் கடை விளம்பரத்தில் முள்ளெழுத்தைப் பார்த்து, "இது சரியில்ல, தடிமன் கூட" என்று உரக்கச் சொன்னேன். அவர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஜனவரி 26, ஞாயிறு

மதியம் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்துக்கு நானாகப் போகவில்லை. போனேன். சரி, நானாகத்தான் போனேன்.

அந்த ஆகஸ்ட் ஏழாம் தேதி எனக்கு ஆபரேஷன். சினைப்பையில் கட்டி. கெட்ட கட்டியா நல்ல கட்டியா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். பத்தரைக்கு உள்ளே போனேன். நான்கு மணி ஆகும் என்று வெளியே இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் என் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "நாங்கெல்லாம் சாமியக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம், உன் வீட்டுக்காரரு படம் போட்டுக்கிட்டு இருக்காரு. நாலு மணி வரைக்கும் நிமிரல." நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வலிக்கிறதா என்றுகூட. பன்னிரண்டு வருடமாக நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்று பத்து ஐம்பதுக்கு அவர் எழுதியிருந்தது இது. தமிழில் என்னால் முடிந்தவரை:

"என் மனைவி உள்ளே இருக்கிறாள். நான்கு மணி ஆகுமாம். எனக்கு ஓர் எழுத்து கொடுங்கள். கடினமானதாக, நான்கு மணி வரை முடியாததாக. கை சும்மா இருந்தால் கதவைத் தட்டிவிடுவேன்."

கெர்டா முதலில் பதில் போட்டிருக்கிறார். பெரிய எஸ், உள்ளே கொடிவேலைப்பாட்டோடு. இவர் லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வரைந்து, அந்தப் பழைய போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். எஸ்ஸின் வயிறு சரியில்லை, மறுபடி போடு என்கிறார் கெர்டா. பஸ் ஒவ்வொரு தடவையும் கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் இறங்கிப் பதில் எழுதியிருக்கிறார். பிரேசிலில் அப்போது விடியாத நேரம். ஒஸ்வால்டோ தூங்காமல் இருந்து, அடுத்தது ஜி, அடுத்தது டபிள்யூ என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார். யாரோ ஒருவர் ஜப்பானிலிருந்து. வேண்டுமென்றே குறை சொல்லிச் சொல்லி, வேண்டுமென்றே திருப்பி வரையச் சொல்லி, அத்தனை பேரும் சேர்ந்து அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் பதினேழு படங்கள்.

மூன்று ஐம்பத்தைந்து: "கதவுக்கு மேலே இருந்த விளக்கு அணைந்தது. போகிறேன்."

ஆறு இருபது: "கெட்ட கட்டி இல்லை. கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாதாம். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுந்துபோய் ஃபேனின் வேகத்தைச் சரிசெய்தேன்."

அந்த ஃபேனைச் சரிசெய்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

காலை உப்புமா. மதியம் சாதம், சொதி, உருளைக்கிழங்கு. மாலை சுண்டல். அழுத்தம் 136/84. துவைத்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 29, புதன்

அவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல், தமிழில். ஃபேன் வரியை இரண்டு தடவை வாசித்தேன். இடது கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா அத்தான்" என்றேன்.

"நாளைக்கு" என்றார். எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறார். இப்படிச் சொன்னதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மருத்துவமனை. காலை பத்து மணிக்கு வலிப்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூளையில் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். பழைய தழும்பால் வந்ததாம். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நேரமெல்லாம் தூக்கம். கோமு வந்துவிட்டாள்.

கெர்டாவுக்கு ஒரு வரி எழுதினேன். மதிப்பிற்குரிய எல்லாம் போடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வீடு. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. மூன்று நாளாக ஒரு சத்தமும் இல்லை. டம்ளரைக் காட்டினால் பார்க்கிறார், வாய் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் அறைப் பக்கம் பார்ப்பதே இல்லை.

"திரும்பி வரலாம், வராமலும் போகலாம், அவசரப்படுத்தாதீங்க" என்றார் ரெஜினா. கோமுவுக்கு லீவு இல்லை, காலை ரயிலில் போனாள். ஸ்டேஷன் போகும் முன், "யம்மா, நீ ஒருத்தியா எப்படி" என்றாள். "ஒருத்தியா எங்க இருக்கேன், அப்பா இருக்காகல்லா" என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவரை நானே கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் திரைக்கு முன் உட்கார வைத்தேன். கேயைத் திறந்தேன். நாற்பது நாள் இழுத்து இழுத்து உருவாக்கிய எழுத்து. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளில் இருந்த கொக்கியின் புள்ளியைப் பிடித்து ஒரு முழ நீளத்துக்கு வெளியே இழுத்தேன். யானைத் துதிக்கை மாதிரி ஆனது. ஜன்னலிலிருந்து கண் திரும்பியது. இடுப்புக் குறுக்குக்கோட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தேன். அவர் நெற்றி சுருங்கியது. காலைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன்.

"நல்லாருக்குல்லா? இப்படியே கெர்டாவுக்கு அனுப்பிருதேன்" என்று அனுப்பும் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனேன்.

"இல்ல."

கை நின்றுவிட்டது.

"என்ன சொன்னீய?"

"இல்ல" என்றார் மறுபடி, பலமாக. "இல்ல, இல்ல." இடது கை என் கையை மவுஸிலிருந்து தள்ளியது.

எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைக்க எனக்கு ஒரு மணி நேரமானது. ஒவ்வொரு புள்ளிக்கும் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருபத்தொன்பது வருடத்தில் என்னை இவ்வளவு மறுத்துப் பேசியதில்லை.

புதிய சொல்: இல்ல. அழுத்தம் 132/84.

பிப்ரவரி 22, சனி

கேயைக் குழுவில் போட்டோம். ஒஸ்வால்டோ இடுப்பு அகலம் என்றார். இன்னும் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கேயைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த ஹெச்சைப் பார்த்தார், "இல்ல" என்றார்.

நான் எழுதினேன்: "நாங்கள் இருவரும் பார்த்தோம். அகலம் இல்லை. ஹெச்சின் வயிற்றை அளந்து பாருங்கள்." அளந்திருக்கிறார்கள். ஒஸ்வால்டோ மாலையில் மன்னிப்புக் கேட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கெர்டா அச்சடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். இந்த எழுத்தில் முதலில் என்ன அச்சடிப்பது என்று குழுவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம், பைபிள் வசனம், பழமொழி என்று. அவர் தன் பஸ் நிற்கும் பதினான்கு நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக அடித்திருக்கிறார். அவர்கள் மொழியில் சந்தைக்கும் கே வேண்டும், பாலத்துக்கும் கே வேண்டும். "இத்தனை நாள் என் பஸ் சந்தையில் நிற்க முடியவில்லை, பாலத்தைத் தாண்ட முடியவில்லை. இன்று கடைசி நிறுத்தம் வரை போனேன்" என்று எழுதியிருந்தார்.

வாசித்துக் காட்டினேன். அவர் திரைக்கு அருகில் குனிந்து, விரலால் ஒவ்வொரு கேயாகத் தொட்டுக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை வந்தார். மொத்தம் ஒன்பது. படிக்க முடியாதுதான். கண்டுபிடிக்க முடிகிறது.

மார்ச் 3, திங்கள்

வேலைக்குப் போனேன். பகலில் தங்கம் வந்து இருக்கிறாள். மணியார்டர் கவுண்ட்டரில் எல்லோரும் சார் எப்படி இருக்கார் என்று கேட்டார்கள். தண்ணீர் கேட்டு வாங்குவாரா என்றால், இல்லை. ஆனால் வேண்டாததை வேண்டாம் என்று சொல்கிறார். காலையில் தங்கம் கொடுத்த ஓட்ஸை "இல்ல" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். "மைனி, அண்ணன் என்னமா எதுத்துப் பேசுதாரு" என்று குறைப்பட்டாள்.

மார்ச் 8, சனி

அரை நாள் அலுவலகம். இரண்டு மணிக்கு வந்துவிட்டேன், தங்கம் கிளம்பினாள். குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுகிறேன். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிட்டதால் இருக்கலாம்.

எழுந்திருக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. கட்டில் விளிம்பில் கையூன்றி நின்றேன். அவர் இடது கையை நீட்டி என் வயிற்றில், புடவைக்கு மேல், தொப்புளுக்குக் கீழே வைத்தார். தழும்பு அங்கேதான் இருக்கிறது. கையை எடுக்கவில்லை. வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

"வலி," என்றார். நீண்ட நேரம் கழித்து, "வலிச்சுதா?"

கீரைக் கட்டைக் கீழே வைத்தேன்.

"ஆமா அத்தான்" என்றேன். "ரொம்ப வலிச்சுது."

அவர் கை அங்கேயே இருந்தது. கண் என் முகத்தை விட்டுப் போகவில்லை. இன்னும் சொல் என்பது போலிருந்தது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். முதுகில் ஊசி போட்டபோது எவ்வளவு குளிர்ந்தது என்பதை. பச்சைத் துணியை முகத்துக்கு முன்னால் கட்டியபோது யாரை நினைத்தேன் என்பதை. கண் விழித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதை. தையல் பிரிக்கிற நாளில் சத்தம் போடாமல் இருக்கப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டதை. யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டார்.

குக்கர் நாலாவது விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.